பேஸ் கிட்டாரின் நாதத்தை எது தீர்மானிக்கிறது? விரலா, கம்பியா, பிக்கப்பா, மரமா?

கீழ்ஸ்தாயி

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது நாலு கம்பி பேஸ், ஃபெண்டர் பிரிசிஷன் பாணியில் செய்தது. நடுவில் இரண்டாகப் பிளந்த ஒரே பிக்கப் (கம்பியின் அசைவை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்), ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். ஸ்கேல், அதாவது அதிரும் கம்பியின் நீளம், 34 அங்குலம். வாங்கும்போது வந்த ரவுண்ட்வவுண்ட் கம்பிகளே இன்னும் இருக்கின்றன.

தனியாக வாசித்தால் அருமையாக இருக்கிறது. அடியில் நல்ல கனம், மேலே பளபளப்பு. குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போய்விடுகிறது. டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் வந்தபிறகு, கீழே ஏதோ உறுமுகிறது என்று தெரிகிறதே தவிர என்ன சுரம் என்று தெரிவதில்லை. வால்யூமை ஏற்றினால் அறை அதிர்கிறது, சுரம் மட்டும் தெளியவில்லை.

எனக்கு வேண்டியது 1960களின் சோல் பதிவுகளில் வரும் அந்தத் தடித்த, உருண்டையான நாதம். பிக்கப்பை மாற்று என்கிறார் ஒருவர். பாடி மரம் சரியில்லை, எதைப் போட்டாலும் வராது என்கிறார் இன்னொருவர். உண்மையில் எது தீர்மானிக்கிறது? எதிலிருந்து தொடங்குவது?

நாலுகம்பி

இப்போதைக்குப் பிக்கப்பில் கை வைக்காதீர்கள். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். வலது கை எந்த இடத்தில் சுண்டுகிறது? ஆம்பில் நாப்கள் எல்லாம் எங்கே நிற்கின்றன? கம்பிகள் எவ்வளவு பழசு?

கீழ்ஸ்தாயி

கட்டைவிரலைப் பிக்கப் மேல் ஊன்றி இரண்டு விரலால் வாசிக்கிறேன். எல்லாப் பாட்டுக்கும் அதே இடம்தான். ஆம்பில் பேஸ் முக்கால், ட்ரெபிள் முக்கால், மிட் நன்றாகக் குறைத்திருக்கிறேன். கம்பி ரொம்பப் பழசு, கறுத்துவிட்டது.

நாலுகம்பி

சரி. கையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் மாற்றுவது கைதான். இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன்.

கம்பி ஒரே அதிர்வெண்ணில் அதிர்வதில்லை. ஏ கம்பியைத் திறந்து சுண்டினால் 55 ஹெர்ட்ஸோடு 110, 165, 220 என்று மேற்சுரங்கள் வரிசையாக எழும்புகின்றன. எது எவ்வளவு எழும்புகிறது என்பதுதான் நாம் டோன் என்று சொல்வதில் பெரும்பங்கு. எந்தப் புள்ளியில் சுண்டுகிறீர்களோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்கும் மேற்சுரங்கள் எழும்பவே எழும்பாது. 12ஆம் ஃப்ரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் பன்னிரண்டாவது) நேர் மேலே சுண்டிப் பாருங்கள். அது கம்பியின் சரிபாதி. இரண்டாவது, நான்காவது, ஆறாவது மேற்சுரங்கள் எல்லாம் போய், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒரு நாதம் கேட்கும். அங்கிருந்து விரலைப் பிரிட்ஜை, அதாவது பாடியில் கம்பிகளைத் தாங்கும் உலோகத் தாங்கியை, நோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள். மெல்ல மெல்ல இறுகும், பிரிட்ஜ் அருகே வரும்போது மூக்கால் பேசுவது போலாகிவிடும். இத்தனைக்கும் ஒரு நாப்பைக்கூட நீங்கள் தொடவில்லை.

அடுத்தது, எவ்வளவு ஆழமாக விரலைக் கம்பிக்குள் நுழைக்கிறீர்கள் என்பது. நுனிச் சதையால் மேலோட்டமாகத் தடவினால் ஒன்று, விரலின் முதல் கணு வரை இறக்கி இழுத்தால் வேறொன்று. பலமாகச் சுண்டினால் கம்பி ஃப்ரெட்டில் மோதும், ஒரு 'கிளாக்' சத்தம் முன்னால் வரும், சுரமும் ஒரு கணம் சுருதிக்கு மேலே போய் இறங்கும். மெதுவாகச் சுண்டி ஆம்பை ஏற்றினால் அடிச்சுரம் கெட்டியாக நிற்கும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆம்பைக் குறைத்து வைத்துக்கொண்டு கையால் அடிக்கிறார்கள், அப்புறம் கனம் இல்லை என்கிறார்கள்.

இடது கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுரத்தை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் டோன்தான். விரலை ஃப்ரெட்டிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் சுரம் சுத்தமாக அடங்கும். அடுத்த சுரத்துக்கு முன்னால் கிடைக்கும் அந்தச் சின்ன மௌனம் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பேஸும் குழம்பாகத்தான் கேட்கும்.

இன்று ஒரு பரிசோதனை செய்யுங்கள். 110 ஹெர்ட்ஸ் ஏ சுரம் உங்கள் பேஸில் நாலு இடத்தில் இருக்கிறது: ஜி கம்பியில் 2ஆம் ஃப்ரெட், டி கம்பியில் 7, ஏ கம்பியில் 12, ஈ கம்பியில் 17. ஒரே சுரம். நாலையும் ஒரே பலத்தில் வாசித்து, கண்ணை மூடிக் கேளுங்கள். கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.

மிக்ஸிங்மேசை

நான் ஒலிப்பதிவு செய்பவன். நாலுகம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் குழுவில் காணாமல் போவதற்கு முதல் காரணம் அந்த ஈக்யூதான், அதாவது ஆம்பில் பேஸ், மிட், ட்ரெபிள் நாப்களை நீங்கள் வைத்திருக்கும் விதம். அதைச் சரிசெய்யாமல் கையை எங்கே வைத்தாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

திறந்த ஈ கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். பெரும்பாலான பேஸ் கேபினெட்டுகள் அவ்வளவு கீழே முழு பலத்தோடு இறங்குவதில்லை. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடியோடு வைக்கும் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் பெட்டி, மேடையில் பேஸுக்கு இலக்கணமாகவே ஆகிவிட்டது. அதுவும் 40 ஹெர்ட்ஸுக்கு வரும்போது நன்றாகத் தணிந்துதான் இருக்கும். பிறகு நமக்கு ஈ எப்படிக் கேட்கிறது? 82, 123, 164 என்று வரும் மேற்சுரங்களை வைத்துக் காது அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. சின்ன ஃபோன் ஸ்பீக்கரில்கூட பேஸ் வரி என்ன வாசிக்கிறது என்று தெரிவது இதனால்தான். அப்படியானால் சுரத்தின் அடையாளம் இருக்கும் இடம் மிட். நீங்கள் குறைத்து வைத்திருப்பதும் அதையேதான்.

இப்போது குழுவை நினைத்துப் பாருங்கள். உங்கள் அடிப்பகுதியின் மேல் கிக் டிரம் உட்கார்ந்திருக்கிறது. மேல்பகுதியில் சிம்பல்களும் கிட்டார்களும். உங்களுக்கென்று காலியாக இருந்த நடுப்பகுதியை நீங்களே காலி செய்துவிட்டீர்கள். மிச்சம் இருப்பது உறுமல் மட்டும்.

எல்லா நாப்களையும் நடுவில் வையுங்கள். பிறகு குழுவோடு வாசித்துக்கொண்டே மாற்றுங்கள், தனியாக இருக்கும்போது தொடவே வேண்டாம். 250 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் அளவு மீறினால் சேறாகும், அங்கே கொஞ்சம் குறைக்கலாம். 500இலிருந்து 800 வரை சுரம் பேசும் இடம், அதைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்கும்போது அது அழகாக இருக்காது, கொஞ்சம் முரட்டுத்தனமாக, மூக்கடைத்த மாதிரி இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல பேஸ் டிராக்கைத் தனியாக ஒலிக்கவிட்டால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்று. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த அதிர்வெண்கள் சரியாக எட்டாது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வரைந்துவிட்டார்கள். அறையில் மெதுவாக வாசித்துப் பழகுகிறவர் தன்னையறியாமல் பேஸ் நாப்பை ஏற்றி வைப்பார். அதே அமைப்பை மேடையில் சத்தமாக வைத்தால் அடி மட்டும் ஊதிப்போய் நிற்கும். அறையின் அளவும் விளையாடும். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். சுவர்களுக்கு நடுவே அது சில இடங்களில் கூடும், சில இடங்களில் மறைந்தே போகும். ஆம்பை மூலையில் வைத்தால் அடி தானாக வீங்கும். முதலில் மூலையை விட்டு நகர்த்துங்கள்.

பழையகம்பி

60களின் சோல் நாதம் வேண்டும் என்றால் மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அவர் என்ன வைத்திருந்தார் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். 1962 பிரிசிஷன் பேஸ். லா பெல்லாவின் தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள், தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 52 பங்கிலிருந்து 110 பங்கு வரை. கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம், அதிகம். பிரிட்ஜ் மூடியின் அடியில் ஃபோம். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று. மோட்டவுனில் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸிங் மேசைக்கே போனது.

இந்தப் பட்டியலில் பிக்கப் தனியாக எந்த அதிசயமும் செய்யவில்லை, கவனியுங்கள். பிளந்த பிக்கப் 1957லிருந்து எல்லா பிரிசிஷனிலும் இருந்ததுதான். உங்கள் பேஸிலும் அதே வகைதான் இருக்கிறது.

ரவுண்ட்வவுண்டில் உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள், மேலே பள்ளமும் மேடுமாக இருக்கும். ஃப்ளாட்வவுண்டில் பட்டையான நாடாபோன்ற கம்பி, தொட்டால் வழவழவென்று இருக்கும். ஃப்ளாட்டில் உயர்ந்த மேற்சுரங்கள் சீக்கிரம் அடங்கிவிடும், அடிச்சுரம் உடனே முன்னால் வரும், விரல் நகரும் கீச்சொலியும் இல்லை. நீங்கள் கேட்கும் அந்த 'உருண்டை' முக்கால்வாசி இதுதான்.

"பழைய ரவுண்ட்வவுண்டும் மந்தமாகத்தானே ஒலிக்கிறது, அதுவே போதாதா" என்று அடுத்து கேட்பீர்கள். போதாது. ரவுண்ட்வவுண்ட் பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் சீரில்லாமல் சேரும். அதனால் கம்பியின் எடை நீளம் முழுக்க ஒரே சீராக இருக்காது, மேற்சுரங்கள் அடிச்சுரத்தோடு சுருதி சேராது. செத்த கம்பியில் டியூனர் முள் அலைபாய்வதைப் பார்த்திருப்பீர்கள். மந்தமாக இருப்பது ஒன்று, சுருதி கலங்கியிருப்பது இன்னொன்று. ஃப்ளாட்டில் பள்ளம் இல்லாததால் வருஷக்கணக்கில் நிற்கும், முதுமையும் அழகாக வரும்.

கம்பி மாற்றுமுன் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. பிரிட்ஜை ஒட்டினாற்போல் கம்பிகளுக்கு அடியில் ஒரு ஃபோம் துண்டைச் செருகுங்கள். அழுத்தக் கூடாது, கம்பியை லேசாகத் தொட்டால் போதும். கார்வை குறையும், 'டும்' என்று சுரம் விழுந்து அடங்கும். அதே காலத்துப் பேஸ் கலைஞர் கரோல் கேயும் இதே தத்துவத்தில்தான் வாசித்தார், அவர் ஃபெல்ட் துண்டைக் கம்பிகளின் மேல் வைத்து பிக்கால் வாசித்தார். பிக் என்பதால் தொடக்கம் கூர்மை, ஃபெல்ட் என்பதால் பின்பகுதி குட்டை.

கருங்காலி

எல்லோரும் மரத்தை விட்டுவிட்டீர்களே. நான் ஒரே மாடலில் இரண்டு பேஸ் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒன்று ஆல்டர், ஒன்று ஆஷ். ஒரே பிக்கப், ஒரே பிராண்ட் கம்பி. தெளிவாக வித்தியாசம் தெரிந்தது. ஆஷ் பிரகாசம், ஆல்டர் சமநிலை. மரம் அதிர்கிறது என்பது வயிற்றில் வைத்து வாசிக்கும்போது நமக்கே தெரிகிறதே.

இழைப்புளி

நான் கிட்டார்களைச் செய்கிறேன், பழுதும் பார்க்கிறேன். மரத்தின்மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை யாரும் சந்தேகிக்க வேண்டாம். ஆனாலும் கருங்காலி சொன்னதை அப்படியே ஏற்க மாட்டேன்.

காந்தப் பிக்கப் கேட்பது மரத்தை அல்ல, கம்பியின் அசைவை. கம்பியின் அசைவை மரம் மாற்றினால்தான் அது பிக்கப்புக்குத் தெரியும். மாற்ற முடியுமா? முடியும். கம்பியின் இரண்டு முனைகளும் எதில் கட்டப்பட்டிருக்கின்றனவோ அது தானும் அசைந்தால், கம்பியின் சக்தியில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். பிரிட்ஜ் பக்கம் கனமான பாடி, அது அதிகம் அசையாது. நெக் பக்கம் நீளமான, ஒல்லியான மரம், அது நன்றாகவே அசையும். அதனால் மரத்தின் பங்கு பெரும்பாலும் நெக் வழியாக வருகிறது. அதுவும் சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தச் சுரம் சீக்கிரம் சாகிறது என்பதில்தான் அதிகம் தெரிகிறது.

இரண்டு பேஸும் வேறாக ஒலித்தன என்பதை நம்புகிறேன். ஆனால் அவற்றில் மரம் மட்டுமா வேறு? வால்யூம், டோன் நாப்களுக்கு அடியில் இருக்கும் சாதாரண கார்பன் பொட்டென்ஷியோமீட்டர்களில் (பாட்களில்) 20 சதவீதம் வரை கூடக்குறைய இருப்பது வழக்கம். 250 கே என்று எழுதியிருக்கும் ஒன்று உண்மையில் 200 ஆக இருக்கலாம், இன்னொன்று 300 ஆக இருக்கலாம். அதுவே பிரகாசத்தை மாற்றும். பிக்கப்பின் உயரம் ஒரு மில்லிமீட்டர் வேறாக இருந்தாலே காதுக்குத் தெரியும். கம்பி ஒன்றில் புதுசு, ஒன்றில் ஒரு வாரம் பழசு என்றாலும் தெரியும். இவை எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டு அப்புறம் மரத்தைப் பற்றிப் பேசினால் நான் கேட்கத் தயார்.

கருங்காலி

பிக்கப் உயரத்தை நான் அளக்கவில்லை, உண்மைதான். ஆனால் கையில் எடுத்ததும் கிடைக்கும் உணர்வு வேறு. அந்த அதிர்வு வாசிக்கும் விதத்தையே மாற்றும். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இழைப்புளி

அதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். எடை, சமநிலை, நெக்கின் தடிமன், அதிர்வு எல்லாம் கையை மாற்றும், கை நாதத்தை மாற்றும். ஒருவருக்குப் பிடித்த மரத்தில் அவர் நன்றாக வாசிப்பார். ஆனால் அது கீழ்ஸ்தாயியின் சுரம் குழுவில் தொலைவதற்குக் காரணம் ஆகாது. அவர் பாடியை மாற்றத் தேவையில்லை.

ஈயப்பற்று

மின்பக்கத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், இதில் நிறைய மூடநம்பிக்கை இருக்கிறது.

உங்களுடையது போல உள்ளே பேட்டரியோ பிரீஆம்போ இல்லாத பாஸிவ் பேஸில் பிக்கப் என்பது பல்லாயிரம் சுற்று மெல்லிய செப்புக் கம்பி. அதற்கு இண்டக்டன்ஸ் அதிகம். நீங்கள் செருகும் கேபிளுக்குக் கெப்பாசிட்டன்ஸ் உண்டு, சுமாராக ஒரு மீட்டருக்கு 100 பிகோஃபாரட். இரண்டும் சேர்ந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒரு மேட்டை உண்டாக்கும், அதற்கு மேலே சத்தம் சரிந்துவிடும். கேபிள் நீண்டால் அந்த மேடு கீழே இறங்கும். அதாவது நீளமான கேபிளும் ஒரு டோன் நாப்தான், திருப்ப முடியாது என்பது மட்டுமே வித்தியாசம். வால்யூம், டோன் பாட்கள் அந்த மேட்டைத் தட்டையாக்கும். 250 கே போட்டால் அதிகம் தட்டையாகும், 500 கே போட்டால் குறைவாக.

டோன் நாப்பில் இருக்கும் கெப்பாசிட்டர் பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட். நாப்பை இறக்க இறக்க மேல்பகுதி அதன் வழியாகத் தரைக்குப் போகும். விலை உயர்ந்த கெப்பாசிட்டர் போட்டால் டோன் உயரும் என்பார்கள். மதிப்பு ஒன்றாக இருந்தால் ஒன்றாகத்தான் ஒலிக்கும். மதிப்பை மாற்றுங்கள், அப்போது மாறும்.

முக்கியமான ஒன்று. பாஸிவ் பேஸை மேசையின் லைன் இன்புட்டில் நேராகச் செருகாதீர்கள். அதன் இம்பீடன்ஸ் பல சமயம் 10 கே அளவில்தான் இருக்கும், பிக்கப்பின் மேல்பகுதி முழுக்கச் செத்துவிடும். கருவிக்கென்று இருக்கும் இன்புட் அல்லது டிஐ பெட்டி (கருவியை மேசையோடு பொருத்தும் இடைப்பெட்டி) வேண்டும், 1 மெகாஓம் அளவில். "ஆம்பில் நன்றாக இருக்கிறது, ரெக்கார்டிங்கில் போர்வை போர்த்திய மாதிரி இருக்கிறது" என்று வரும் புகார்களில் பாதிக்கு இதுவே காரணம்.

துடிப்பு

ஆக்டிவ் பேஸ் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே ப்ரோ?

ஈயப்பற்று

கேபிள் தொல்லை போய்விடும், ஏனென்றால் பேஸுக்குள்ளேயே இருக்கும் பிரீஆம்ப் சிக்னலைப் பலப்படுத்தி அனுப்புகிறது. 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இதைப் பரவலாக்கியது. ஆனால் ஸ்டிங்ரேயின் குணம் பிரீஆம்பால் மட்டும் வந்ததல்ல. பிரிட்ஜ் பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய ஹம்பக்கரின் (இரைச்சலை ரத்தாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பின்) இடமும் அதே அளவு காரணம். ஆக்டிவ் என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

கீழ்ஸ்தாயி

எல்லோருக்கும் நன்றி. கேட்டுவிட்டு எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

நாலு இடத்து ஏ சுரத்தை வாசித்தேன். ஜி கம்பி 2ஆம் ஃப்ரெட்டில் தெளிவாக, கொஞ்சம் மெலிந்து, கம்பியின் உலோகம் கேட்கிறது. டி கம்பியில் உடல் வருகிறது. ஏ கம்பி 12இல் தடித்துவிடுகிறது. ஈ கம்பி 17இல் சட்டென்று விழுந்து, மூடிய அறைக்குள் ஒலிப்பதுபோல் அடங்குகிறது. ஒரே பேஸ், ஒரே சுரம் என்று நம்பவே முடியவில்லை. ஏன் இப்படி ஆகிறது?

நாப்களை நடுவில் வைத்து, மிட்டைக் கொஞ்சம் ஏற்றி, ஃபோமும் செருகிக் குழுவோடு வாசித்தேன். டிரம்மர் தானாகவே திரும்பிப் பார்த்து "இன்று நீ என்ன வாசிக்கிறாய் என்று எனக்குக் கேட்கிறது" என்றார். வால்யூம் முன்பைவிடக் குறைவாகத்தான் வைத்திருந்தேன்.

ஒரு புதுப் பிரச்சினை தெரிய வந்தது. ஜி கம்பியில் 5, 6ஆம் ஃப்ரெட் பக்கம் சுரம் உடனே செத்துப்போகிறது. ஃபோமை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அப்படித்தான்.

நாலுகம்பி

நாலும் வேறாக ஒலிப்பதற்கு ஒரு காரணம் கம்பியின் தடிமன். குட்டையாகப் பிடித்த தடித்த கம்பி விறைப்பாக இருக்கும், மேற்சுரங்கள் சீக்கிரம் அடங்கும். இன்னொரு காரணம் பிக்கப் நிற்கும் இடம். பிரிசிஷனில் பிக்கப் பிரிட்ஜிலிருந்து, திறந்த கம்பியின் நீளத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு தள்ளி இருக்கிறது. அந்த இடத்தில் ஆறாவது மேற்சுரம் அசைவதில்லை, அதனால் பிக்கப்புக்கு அது சரியாகக் கேட்காது. 12ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் கம்பி பாதியாகிவிட்டது, பிக்கப் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. இப்போது அது மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது, மூன்றாவது மேற்சுரமே மறைகிறது. விரல் நகர நகர, பிக்கப் கேட்கும் இடமும் மாறிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் பிக்கப் என்ன பிராண்ட் என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதை நான் முதலில் கேட்பேன்.

ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப். இரண்டையும் முழுசாகத் திறந்தால் இரண்டு இடத்தின் ஒலியும் கலந்து நடுவில் ஒரு பள்ளம் விழும், இரைச்சலும் ரத்தாகும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தால் பள்ளம் நிரம்பி மிட் எழும்பும். அந்தச் சிறு திருப்பத்துக்குள் பல பேஸ்கள் இருக்கின்றன.

இழைப்புளி

ஜி கம்பி விஷயம் உங்கள் பேஸின் குறை அல்ல. அதை டெட் ஸ்பாட் என்போம். மரத்தாலான, திருகிப் பூட்டிய நெக் உள்ள பேஸ்களில் ஜி கம்பியின் 5ஆம் ஃப்ரெட் அக்கம்பக்கம் அது அடிக்கடி வருகிறது. நெக்குக்கென்று ஒரு இயல்பான அதிர்வெண் உண்டு. வாசிக்கும் சுரம் அதோடு ஒத்துப்போனால் நெக் ஆடத் தொடங்கும். ஆடுவதற்கு வேண்டிய சக்தியைக் கம்பியிலிருந்தே எடுக்கும், கம்பி அடங்கிவிடும்.

சோதிக்க வழி: அந்தச் சுரத்தை வாசிக்கும்போது ஹெட்ஸ்டாக்கை (முறுக்காணிகள் இருக்கும் நெக்கின் தலைப்பகுதியை) சுவரில் லேசாகச் சாய்த்து அழுத்துங்கள், பூச்சு கெடாமல் நடுவில் ஒரு துணி வைத்து. சுரம் நீண்டு நின்றால் நெக்தான். அப்புறம் ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன கிளாம்ப்பை மாட்டிப் பாருங்கள். எடை கூடியதும் நெக்கின் அதிர்வெண் இறங்கும், டெட் ஸ்பாட் வேறு ஃப்ரெட்டுக்கு நகரும். மறையாது, நகரும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே வந்து நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கார்பன் ஃபைபர் நெக்குகளில் இந்தத் தொல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம், அவற்றின் விறைப்பு அதிகம், அதிர்வெண் வேறிடத்தில் விழுகிறது என்பதுதான். கருங்காலி, மரத்தைப் பற்றி நீங்கள் கேட்டீர்களே, மரம் தன் குரலைக் காட்டும் இடம் இதுதான்.

ஒற்றைவிரல்

ஃப்ரெட் இல்லாத பேஸைப் பற்றி யாரும் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதில் பேர்பெற்ற ஜேகோ பாஸ்டோரியஸ் வாசித்ததும் ஃபெண்டர்தான், 1962 ஜாஸ் பேஸ். ஜேமர்சன் நாதத்துக்கு நேர் எதிர்முனை. ரவுண்ட்வவுண்ட் கம்பி, பிரிட்ஜ் பிக்கப், வலது கையும் பிரிட்ஜ் பக்கம். விரல் பலகையில் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸி. கம்பி கெட்டியான பரப்பில் உரசி உரசி அடங்குவதால் அந்தப் பாடும் கார்வை வந்தது. இரண்டு பேருடைய பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த இழையில் பேசிய கம்பி, கை, பிக்கப் இடம் மூன்றும் காதுக்கே புரிந்துவிடும்.

கீழ்ஸ்தாயி

சுவரில் சாய்த்துப் பார்த்தேன் இழைப்புளி அண்ணா, சுரம் நின்றது. கிளாம்ப் மாட்டியதும் 6இலிருந்து 4க்கு நகர்ந்துவிட்டது. நான் அதிகம் வாசிக்காத சுரம், பரவாயில்லை.

ஃப்ளாட்வவுண்ட் போடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். 52–110 போடவா? மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழையகம்பி

நேரடியாக 52–110க்குப் போக வேண்டாம். அது விரலுக்குக் கடினம், நெக்குக்கும் இழுவை அதிகம். 45–105 ஃப்ளாட் போதும், நாதத்தில் நீங்கள் தேடுவது கிடைக்கும். போட்ட புதிதில் கொஞ்சம் பளபளவென்று இருக்கும், ஏமாந்து கழற்றிவிடாதீர்கள். சில வாரம் வாசித்தால் அமரும்.

இழைப்புளி

அதே அளவிலும் ஃப்ளாட்டுகள் பெரும்பாலும் ரவுண்டைவிட இழுவை அதிகம். அதனால் நெக் முன்னால் வளையும், ஆக்‌ஷன் ஏறும். சுருதி சேர்த்து ஒரு நாள் விட்டுவிட்டு அப்புறம் பாருங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, 7ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் சரி. அதிகம் என்றால் ட்ரஸ் ராடை, அதாவது நெக்கின் வளைவைத் திருத்தும் உள்கம்பியை, கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். இன்டனேஷனை, அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்கிறதா என்பதை, கடைசியில் பாருங்கள், நெக் அமர்ந்தபிறகு.

பிக்கப் உயரமும் அப்போதே. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, காந்தத்தின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை 2இலிருந்து 3 மில்லிமீட்டர் வையுங்கள், ஈ கம்பிப் பக்கம் கொஞ்சம் அதிகமாக. சத்தம் வேண்டும் என்று இன்னும் கிட்டே ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி ஆடும். சத்தத்துக்கு ஆம்ப் இருக்கிறது.

கீழ்ஸ்தாயி

ஃபோமை எடுத்துவிடவா, ஃப்ளாட் போட்டபிறகும் வைக்கவா?

பழையகம்பி

எடுத்துவிட்டு வாசியுங்கள். டிரம்ஸ் இறுக்கமாக இருக்கும் பாட்டுகளில் மட்டும் திரும்பச் செருகுங்கள். சில இடங்களில் சுரம் நீளவும் வேண்டிய மெதுவான பாட்டில், வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ்மேல் வைத்துக் கட்டைவிரலால் சுண்டினால் அதே குணம் கிடைக்கும், வேண்டாதபோது கையை எடுத்துவிடலாம்.